எட்டாவது குடும்பம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, வாங்கினேன். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கொடுத்தவர் ஓர் ஆராய்ச்சியாளர். பரம்பரையாக வரும் அரிய நோய்கள்தான் அந்தப் பெண்மணியின் துறை. நான் பக்கத்துக் கட்டடத்தில் பாடநூல்களுக்குப் பிழை திருத்துபவன். இரண்டு கட்டடத்துக்கும் ஒரே கேண்டீன்.

"பதினோரு வருஷமா ஒரே ஒரு வியாதியைத் தேடிட்டிருக்கேன். இதுவரைக்கும் ஏழே ஏழு குடும்பம்" என்றார் ஒருநாள்.

உடம்பில் ஓர் அமிலம் சிதையாமல் தங்கிவிடும் வியாதி. அப்பா, அம்மா இருவர் வழியாகவும் கோளாறு வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வரும். சிறுநீரைத் திறந்து வைத்தால் நேரம் ஆக ஆகக் கறுக்கும். வயது ஏறியபின் முதுகெலும்பு கறுக்கும், சிலருக்கு இதய வால்வும்.

"உள்ளுக்குள்ளயே யாரோ மை கொட்டின மாதிரி." அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'வெளியே மழை. ஆராய்ச்சியாளர் நுண்ணோக்கியில் குனிந்து' (மழை எதற்கு? அவர் நுண்ணோக்கியைத் தொடுவதே இல்லையாம். போகட்டும்.)

இரண்டாவது: 'அவரிடம் வந்த எட்டாவது நோயாளி ஒரு'

ஒரு என்ன? குத்துமதிப்பாக ஓர் ஆளைச் செய்தேன். நாற்பத்தாறு வயது, முதுகுவலி, நாற்காலியில் தலையணை. 'வெயில் பட்டபோது, மைக்கறை விரலால் யாரோ பிடித்துத் திருகியதுபோல் அவர் காதுமடல் நீலம் பாரித்திருந்தது.' வரி நன்றாக விழுந்ததில் எனக்கே பெருமை. கடைசிப் பகுதியில், மாடிப்படியில் மூச்சு வாங்கி அவர் செத்துப்போனார். கதைக்கு ஒரு சாவு வேண்டியிருந்தது.

3

படிக்கக் கொடுத்த மறுநாள் ஆராய்ச்சியாளர் என் மேசைக்கே வந்தார். உட்காரவில்லை.

"காதைப் பத்தி நான் உங்ககிட்டச் சொல்லவே இல்லையே?"

"சும்மா, கற்பனைதாங்க."

"அப்படிக் காது நீலமாகறது இந்த வியாதியோட அடையாளம். யார் காது அது?"

என் அண்ணனுடையது. தலையணையும் அவனுடையதுதான். (எழுத்தாளன் கற்பனை செய்கிறான் என்பதெல்லாம் வெளிப்பேச்சு. வீட்டில் கைக்கு அகப்பட்டதை எடுத்துப் போடுகிறான்.)

சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு கணம்தான். உடனே தலை குனிந்துகொண்டார்.

"மன்னிச்சிடுங்க. எனக்குச் சந்தோஷம் வந்திருக்கக் கூடாது."

"இதை எழுதட்டுமா?"

"எழுதுங்க. சந்தோஷப்பட்டதையும் சேர்த்தே எழுதுங்க."

4

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"அண்ணன் கைக்குழந்தையா இருந்தப்ப துணியெல்லாம் கறுத்துச்சாம்மா?"

"ஆமாடா. சோப்பு சரியில்லன்னு மூணு சோப்பு மாத்தினேன். உனக்கு யார் சொன்னா?"

"என் துணி?"

"உன்னோடத நான் எங்க துவைச்சேன்? அப்ப நான் படுத்த படுக்கை. எல்லாம் உங்கப்பாதான்."

அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இருந்தபோதும் அவர் வாயைத் திறக்கிற ஆள் இல்லை.

கதையையும் வியாதியையும் சொன்னதும் அண்ணன் சிரித்தான். "ஆளைக் கொன்னுட்டு அப்புறமா நலம் விசாரிக்கிறியேடா!" ஆனாலும் வந்தான். ஆராய்ச்சியாளரே கூட இருந்து அறை அறையாக அழைத்துப் போனார். இரண்டு வாரத்தில் வியாதி உறுதியானது. இதயத்தைப் படம் எடுத்த மருத்துவர், ஒரு வால்வு ரொம்பவும் குறுகியிருக்கிறது என்றார்.

"படி ஏறினா மூச்சு வாங்குதா?"

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். "மூணு வாரமா. யார்கிட்டயும் சொல்லல."

அந்தச் சாவை நான் எழுதி முடித்தும் மூன்று வாரம்தான்.

அன்றே கடைசிப் பகுதியைக் கிழித்து எரித்தேன். (அதனால்தான் பிழைத்தான் என்று சொல்ல வரவில்லை. வால்வை மாற்றியது மருத்துவர்கள். குப்பையில் போடாமல் ஏன் எரித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.) வெட்டியெடுத்த வால்வு கறுப்பாக இருந்ததாம். அண்ணன் இப்போது நடமாடுகிறான்.

5

இங்கேயே முடித்திருக்கலாம்.

ஆராய்ச்சியாளர் எங்கள் குடும்பத்தைப் படமாக வரைந்து காட்டினார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அண்ணனின் சதுரம் முழுக்கக் கறுப்பு. பக்கத்தில் ஒரு சதுரம் காலியாக இருந்தது, உள்ளே கேள்விக்குறி.

"கூடப் பிறந்தவங்களுக்கு நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. ஒரு சாம்பிள் குடுத்துடுங்களேன்."

"நாளைக்கு" என்றேன். ஐந்து 'நாளைக்கு' ஆகிவிட்டது.

இன்று காலை சிறுநீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, மூடாமல் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். இப்போது சாயங்காலம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஒரு முடிவு: 'அவன் திரும்பிப் பார்த்தான். பாட்டில் தெளி'

இன்னொன்று: 'அவன் திரும்பிப் பார்த்தான். பாட்டில் க'

இரண்டையும் முடிக்கக் கை வரவில்லை. நான் எழுதுவது என்னவாகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டேன்.

சற்றுமுன் மனைவி வந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், என் தோளுக்கு மேலே ஜன்னலைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. விளக்கைப் போடட்டுமா?"

"வேண்டாம்."

போய்விட்டாள். நீங்கள் போகவில்லை. அவள் நின்ற இடத்தில், எனக்கு நேர் எதிரே இருக்கிறீர்கள். அங்கிருந்து ஜன்னல் நன்றாகத் தெரியும். எந்த வாக்கியத்தை முடிக்க வேண்டுமென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். முடித்துக்கொள்ளுங்கள்.

சத்தம் போட்டு மட்டும் படித்துவிடாதீர்கள்.