பிரதம விருந்தினர் வரத் தாமதமாகும்

அம்மாள் சந்நிதியில் கற்பூரம் கொளுத்தி, அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன். கீழே வருவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் எனக்கு மிஞ்சியிருக்கிற இரண்டு பல்லும் இன்றைக்கே விழட்டும். இந்த ஏரம்பு ஒரு புளுகன் என்று ஊரில் சொல்பவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் ஒரு அரசாங்கக் கந்தோருக்காவது போய் ஒரு காரியம் கேட்டுப் பார்த்தவர்களில்லை. போய்வந்தவர்கள் நான் எதைச் சொன்னாலும் நம்புவார்கள்.

கண்டாவளைப் பக்கத்தில் முதிரையடிக்குளம் எங்கள் ஊர். வரைபடத்தில் தேடவேண்டாம், வரைந்தவர் இந்தப் பக்கம் வரவில்லை. என் வேலிக்கு அங்காலே விமலேஸ்வரியின் வளவு. புருசன் வவுனியாவில் மேசன் வேலை, மாதத்தில் ஒருக்கால் முகம் காட்டுவான். வயலும் மாடும் மகளும் அவள் பொறுப்பு. மகள் தேனுகாவுக்கு எட்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. மற்றப்படி வேலி பாய்வாள், மாடு சாய்த்துக்கொண்டு வருவாள், என் மடியில் தோடம்பழ இனிப்பு இருந்தால் படலையடியிலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

தாய்க்கும் மகளுக்கும் இடையில் இருந்த பாஷை ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். வா, சாப்பிடு, படு, அடி விழும். ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் இதற்குமேல் என்ன கதை வேண்டிக்கிடக்கு என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அரசாங்கச் சம்பளம் கிடைக்கிறது.

ஒரேயொரு பிரச்சினை. பின்னேரங்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள் விமலேஸ்வரியின் முற்றத்து வேம்படியில் வந்து குந்துவார்கள். ஊர்க்கதை தொடங்கும். கொஞ்ச நேரத்தில் தேனுகா அழத் தொடங்குவாள். அடியில்லை, விழவில்லை, காய்ச்சலில்லை. ஆனால் அழுகை. தாய் ஓமத்தண்ணீர் பருக்கினாள், கண்ணூறு கழித்தாள், நூல் கட்டினாள். அழுகை நிற்கவில்லை.

“கன்றுக்குட்டி கத்தினாலும் எனக்கு விளங்குது அப்பு,” என்றாள் ஒருநாள் என்னிடம். “நான் பெத்தது அழுதா விளங்குதில்லை. ஏன் அழுகிறாய் எண்டு கேக்கிறதுக்கு என்னட்ட ஒரு சொல்லில்லை.”

கையால் பேசக் கற்றுக்கொடுக்கிற ரீச்சர்மார் இருக்கிறார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டாள். அப்படி ஒருவரைத் தேடிப் புறப்பட்டாள். சொல்லக்கூடிய வாய் ஒன்று கூட வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

முதல் போன கந்தோரின் பெயரைச் சொல்லமாட்டேன். எந்தக் கந்தோரை நினைத்துக்கொண்டாலும் பிழையில்லை. அங்கே இருந்தவர் வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பாத விரதக்காரர். கேட்டது இல்லாவிட்டால் இருப்பதைக் கொடுப்பார். அன்றைக்கு அவரிடம் இருந்தது ஒரு சக்கர நாற்காலி.

“சேர், பிள்ளைக்குக் காதுதான் கேக்காது. கால் நல்லா இருக்கு,” என்றாள் விமலேஸ்வரி.

“காதுக்கு வந்த சாமான் முடிஞ்சுதம்மா. இதையும் வேண்டாமெண்டா இதுவும் முடிஞ்சிடும். பிறகு வந்து ஒண்டும் தரேல்லை எண்டு சொல்லக்கூடாது.”

வாங்கிக்கொண்டோம். தாயை அதில் இருத்தி, மகள் பஸ் தரிப்புவரைக்கும் தள்ளிக்கொண்டு ஓடினாள். யாரோ படம் பிடித்தார்கள். அந்தப் படம் ஒரு வருடாந்த அறிக்கையின் அட்டையில் வந்தது. கீழே ‘பயனாளி’ என்று விமலேஸ்வரியைப் போட்டிருந்தார்கள்.

இரண்டாவது கந்தோரில் ஒருவர் பிள்ளையைப் பரிசோதித்தார். கதிரையில் சாய்ந்திருந்தபடி, “தேனுகா! தேனுகா!” என்று கூப்பிட்டார். அவள் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பிள்ளைக்குப் பெரியாக்களை மதிக்கத் தெரியேல்லை. முதல் பழக்கவழக்கத்தைத் திருத்திக்கொண்டு வாங்கோ. காதைப் பிறகு பாப்பம்.”

மூன்றாவது இடத்தில்தான் உண்மை வெளிவந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இப்படியான பிள்ளைகளுக்கென்று ஓர் அறை கட்டி முடிந்திருந்தது. சைகைமொழி படித்த ரீச்சரும் நியமனமாகியிருந்தா. சுமித்திரா என்று பெயர். ஆனால் ரீச்சருக்குத் தட்டச்சும் தெரியும் என்பது நியமனத்தன்றே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து அவாவைக் கந்தோரிலேயே இருத்தி வைத்திருந்தார்கள். திறமையை வீணாக்கக்கூடாது அல்லவா.

“அறை திறக்கட்டும், ரீச்சர் வருவா,” என்றார்கள்.

திறப்பு விழா வந்தது. வாழைமரம், தோரணம், பந்தல், ஒலிபெருக்கி. பள்ளிக்கூட அதிபர் தில்லைநாதன் புது வேட்டியில் மணவறை மாப்பிள்ளைபோல நின்றார். சொன்னபடி சுமித்திரா ரீச்சரையும் காலையிலேயே கந்தோர் வான் ஒன்றில் கொண்டுவந்து இறக்கினார்கள். படத்துக்கு ரீச்சர் வேண்டும்.

பிரதம விருந்தினருக்கு ஒன்பது மணி என்று சொல்லியிருந்தது. “பிரதம விருந்தினர் வரத் தாமதமாகும்,” என்று ஒலிபெருக்கி சொன்னது. பத்துக்கும் சொன்னது. பதினொன்றுக்கும் சொன்னது. சும்மா இருந்து பழக்கமில்லாத ரீச்சர், பந்தலின் மூலையில் நின்ற தேனுகாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினா. தண்ணீருக்கு ஒரு கை. காகத்துக்கு ஒரு கை. அம்மாவுக்கு ஒரு கை. தேனுகா ரீச்சரின் விரல்களைப் பார்த்த பார்வையை நான் சோற்றுப் பானைக்கு முன்னால்தான் கண்டிருக்கிறேன். விருந்தினர் வந்து இறங்கியபோது அவள் தாயிடம் ஓடி, வயலை, மாட்டை, மழையை ஒவ்வொன்றாகக் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விருந்தினர் நாடா வெட்டினார், பெயர்க்கல்லைத் திரைநீக்கினார், பேசினார், சாப்பிட்டார், போனார். அவரோடு ரீச்சரின் வானும் போனது. அறையைப் பூட்டி, பூட்டின் திறப்பை அதிபர் இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அடுத்தநாள் விமலேஸ்வரி பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள்.

“ரீச்சர் எங்க சேர்?”

“திறந்தாச்சுத்தானே தங்கச்சி. இனி என்ன வேணும்?” என்றார் தில்லைநாதன். அவர் பகிடி விடுகிறவர் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.

கூடப் போன என்னோடு விமலேஸ்வரி திரும்பி வந்தாள். படலையைத் திறக்கும்போது நின்றாள்.

“அப்பு, பிள்ளை படிச்சது விழாவால இல்லை. அந்தாள் பிந்தினதால.”

“ஓம். அதுக்கு?”

“இன்னொருக்காத் திறந்தா?”

நாங்கள் தில்லைநாதனிடம் போனோம். அறையைத் திறந்தாயிற்று, கதவைத் திறக்கவில்லையே என்று நான் எடுத்துச் சொன்னேன். கதவு வேறு ஆள் கொடுத்த காசில் போட்டது. அதற்கென்று ஒரு விழா வைக்காவிட்டால் கொடுத்தவர் மனம் நோவார். அதிபரின் முகம் மலர்ந்தது. பொன்னாடையும் மாலையும் தனக்கும் ஒன்று விழும் என்று கணக்குப் பார்த்திருப்பார்.

இப்படித்தான் தொடங்கியது. கதவைத் திறந்தோம். கரும்பலகையைத் திறந்தோம். தண்ணீர் வராத குழாயைத் திறந்தோம். மின்சாரம் இல்லாத அறையில் காற்றாடியைத் திறந்தோம்; விருந்தினர் அதைக் கையால் சுற்றிவிட, சனம் கை தட்டியது. ஒருவர் முந்தின விழாவின் பெயர்க்கல்லைத் திறந்து வைத்துவிட்டு, “இது எனது நெடுநாள் கனவு,” என்றார். என்னத்தைத் திறக்கிறோம் என்று இத்தனை பேரில் ஒருவர் கேட்கவில்லை. எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று எல்லோரும் கேட்டார்கள்.

ஒவ்வொரு விழாவுக்கும் ரீச்சரை வானில் ஏற்றி வந்தார்கள். விருந்தினர் வரும்வரைக்கும் பாடம். விழாவுக்கு விழா தேனுகாவின் கையில் சொல் கூடியது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் காது கேட்காத பிள்ளைகளைச் சைக்கிளில் வைத்துத் தாய்மார் கொண்டுவரத் தொடங்கினார்கள்.

ஆளைத் தெரிவு செய்கிற பொறுப்பு என்னுடையது. அது ஒரு கணக்கு. உள்ளூர்க்காரர் என்றால் கொஞ்சம் பிந்துவார். நாலு சொல் படிக்கலாம். கிளிநொச்சியிலிருந்து வருகிறவர் என்றால் ஒரு வசனம். பின்னாலும் முன்னாலும் வாகனம் ஓடுகிறவர் என்றால் ஒரு முழுப்பாடம். பெரிய மனிதர்களால் இந்த நாட்டுக்கு என்ன பிரயோசனம் என்று இனி யாரும் என்னைக் கேட்கவேண்டாம்.

ஒரேயொரு தடவை பிழைத்தது. புதிதாக வேலைக்கு வந்த இளம் அதிகாரி ஒருவரைக் கூப்பிட்டோம். மடையன், ஒன்பது மணிக்கு என்றால் ஒன்பது மணிக்கே மோட்டார்சைக்கிளில் வந்து நிற்கிறான். பந்தலில் ஆளில்லை. ரீச்சரின் வான் அப்போதுதான் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்புகிறது. பாடம் போய்விட்டது. விமலேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டிப்போனாள். அந்தப் பழக்கத்தோடு அவர் உத்தியோகத்தில் எங்கே நிலைக்கப்போகிறார்? நிலைக்கவில்லை.

கடைசியில், பெயர்க்கற்கள் சுவரெல்லாம் ஏறி யன்னலையும் மூடி, உள்ளே ஆள் திரும்ப இடமில்லாமல் அறை கிணறுபோல ஒடுங்கிவிட்டது. இனி ஒரு கல்லுக்குத்தான் இடம். அதற்குக் கொழும்பிலிருந்து ஒருவரைப் பிடித்தோம். பெயரில்லாமல் சொல்வதானால், விசாரணைக் குழுக்கள் பலவற்றைக் கண்டவர். மிகப் பெரியவர். ஆகவே வெயில் சாயத் தொடங்கியும் வந்துசேரவில்லை.

அன்றைக்குச் சுமித்திரா ரீச்சர் ‘ஏன்’ என்ற சொல்லைப் படிப்பித்தா. பிள்ளைக்குமட்டுமில்லை, தாய்க்கும். விமலேஸ்வரி அந்தக் கையசைவைத் திருப்பித் திருப்பிச் செய்து பார்த்தாள். பிறகு மகளை முன்னால் இருத்தினாள். பின்னேரம். நீ. அழுகை. ஏன்?

தேனுகா தாயை உற்றுப் பார்த்தாள். பிறகு அவளுடைய கைகள் ஓடின. ரீச்சர் சொல்லச் சொல்ல விமலேஸ்வரி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

“பின்னேரத்தில நீங்கள் எல்லாரும் வட்டமா இருந்து எதையோ சாப்பிடுறீங்களாம். விடாமல் மெல்லுறீங்களாம். சிரிச்சுச் சிரிச்சு மெல்லுறீங்களாம். தனக்கு மட்டும் ஒருநாளும் தரேல்லையாம். மாடு மென்றா வாயில வைக்கோலைக் காணலாம், நீங்கள் ஒளிச்சு வைச்சு மெல்லுறீங்களாம்.”

“சாப்பிடேல்லை பிள்ளை, கதைக்கிறது! வெறும் கதை!” என்று விமலேஸ்வரி வாயாலேயே சொல்லி அழுதாள். கையால் சொல்ல அவளிடம் அந்தச் சொல் இன்னும் இல்லை.

ரீச்சர் விளங்கப்படுத்த முன்னரே வாகனங்கள் வந்துவிட்டன.

விருந்தினர் கல்லைத் திறந்தார். ஒலிவாங்கியைப் பிடித்தார். பேச்சென்றால் பேச்சு. அரைமணித்தியாலம் போனது, நிறுத்தவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அதைத் தாங்கக்கூடிய சக்தி காது கேட்காத பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்தது. ஆனால் தேனுகா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு நேரமாக, இவ்வளவு பேர் பார்த்திருக்க, ஒருவருக்கும் ஒரு துண்டு கொடுக்காமல் மெல்லுகிற மனிதனை அவள் அதுவரை கண்டதில்லை.

எழுந்து மேடைக்கு ஏறினாள். ஒரு கதிரையை இழுத்து அவர் முன்னால் போட்டு அதில் ஏறினாள். அவர் பிள்ளை கொஞ்சப்போகிறது என்று நினைத்து, படம் பிடிப்பவர்களின் பக்கம் திரும்பிச் சிரித்தார். திறந்த வாயை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இடக்கொடுப்புப் பற்களைப் பார்த்தாள். வலக்கொடுப்பைப் பார்த்தாள். விரலால் நாக்கைத் தூக்கி அடியிலும் பார்த்தாள். பிறகு சனத்தின் பக்கம் திரும்பி, ஆற அமரக் கைகளை விரித்து ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்லுது பிள்ளை?” என்று ஒலிவாங்கியிலேயே கேட்டார் பெரியவர்.

“உங்களை வாழ்த்துறா சேர்,” என்றார் தில்லைநாதன் ஓடிவந்து.

“ரீச்சர் நீங்கள் சொல்லுங்கோ,” என்றார் பெரியவர்.

சுமித்திரா ரீச்சர் ஒலிவாங்கியை வாங்கினா. “உள்ளுக்கு ஒண்டுமில்லையாம்.”

சனம் கை தட்டியது. எதற்கும் தட்டுகிற சனம். ஆனால் அன்றைக்குத் தட்டியது வேறு தட்டு. பெரியவரின் கண் கலங்கிவிட்டது. இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேர் தன்னைச் சோதித்திருக்கிறார்களாம். ஒன்றுமில்லை என்று பகிரங்கமாகச் சொன்ன முதல் ஆள் இந்தப் பிள்ளைதானாம். அந்த இடத்திலேயே உத்தரவு போட்டார். சுமித்திரா ரீச்சர் இனித் தட்டச்சுப் பக்கம் போகக்கூடாது, நாளையிலிருந்து முதிரையடிக்குளத்தில்தான் இருக்கவேண்டும். தில்லைநாதன் இடுப்பிலிருந்த திறப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

ரீச்சர் வந்தா. பெயர்க்கற்களை உடைத்துக் கழற்றிப் பள்ளிக்கூட ஒழுங்கைக்குப் பரவினோம். மாரியில் சேறில்லாமல் நடக்கலாம். விடிய வெள்ளாப்பில் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். ‘கதை’ என்பதற்கான கையை விமலேஸ்வரி படித்துக்கொண்டாள். பின்னேரங்களில் வேம்படி வட்டத்தில் தேனுகாவும் ஓர் ஆள். யாருடைய மாடு யாருடைய வயலில் வாய் வைத்தது என்பதை அவள் சொன்னால், மற்றவர்கள் சிரித்து முடிய நேரமெடுக்கும்.

இனி என் இரண்டு பல்லும் விழுவதென்றால் விழட்டும். தேனுகாவுக்கு வருகிற மாசியில் ஒன்பது வயது. சைகைமொழி தெரிந்த ஒரு ரீச்சரை அவள் இன்றுவரை கண்ணால் கண்டதில்லை.