தொட்டியோடு கொடுத்தது

ஷிகேமாட்சு சானின் போன் வந்தபோது நான் ஒருவர் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். கியூஷு தீவைப் புரட்டிப் போட்ட ஜூலை வெள்ளம் அவர் வீட்டைத் தரையோடு கொண்டுபோய் இரண்டரை மாதம் ஆகியிருந்தது. பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் அட்டைத் தடுப்புக்குள் கிடந்துவிட்டு, இப்போதுதான் புருஷனும் மனைவியும் தற்காலிக வீட்டுக்கு மாறியிருந்தார்கள். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடையின் பின்பக்கம் ஓடினேன்.

"மிஸுயே சான், நம்ம சங்கம் அனுப்புன பணம் ஊருக்கு வந்து சேந்துச்சு. எல்லார்கிட்டயும் சொல்லிருங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேக்கவே கூச்சமா இருக்கு. நான் குடுத்தேனே, பெண்டாட்டி ஏச்சு, அதுல ஒரு ஜோடி இருக்குமா? எங்கிட்ட இருந்ததெல்லாம் ஆத்தோட போயிருச்சு."

எங்கள் சங்கத்தில் எல்லோரும் மெடாகா வளர்ப்பவர்கள். வயல் வாய்க்காலில் திரிகிற, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்தான். அதில் நிறம் பார்த்து இணை சேர்த்துப் புது வகை எடுப்பதில் ஆளாளுக்குப் பைத்தியம். ஷிகேமாட்சு சான் பதினொரு வருஷம் பாடுபட்டு, முதுகில் செம்புக் கோடு ஓடுகிற வகையை எடுத்தார். முற்றம் முழுக்க மீன் வாளி என்று அவர் மனைவி ஃபுஜினோ சான் தினமும் கரித்துக்கொட்டியதால் அதற்குப் 'பெண்டாட்டி ஏச்சு' என்று பேர். அதில் அவர் வெளியே கொடுத்த ஒரே ஜோடி எனக்குத்தான்.

ஆகஸ்டில் வெள்ள நிவாரணத்துக்குச் சங்கம் ஏலம் வைத்தது. 'தொட்டியோடு' என்று சொல்லி விற்றால், விற்றவர் ஒரு முட்டைகூட மிச்சம் வைக்கவில்லை என்று அர்த்தம். விலை மூன்று மடங்கு ஏறும். நான் எழுந்து, "பெண்டாட்டி ஏச்சத் தொட்டியோட குடுக்குறேன்" என்றேன். கைதட்டல் அடங்கவே நேரமானது. எனக்கு அது பிடித்திருந்தது, அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. அவர் மீனாலேயே அவர் ஊருக்கு உதவி என்று பூரித்துப்போனேன். அவரிடம் மீன் தப்பியதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. வீடு போனவரிடம் மீனைப் பற்றிக் கேட்பது மரியாதையா என்று வாயை அடக்கிக்கொண்டோம். அந்த மரியாதையில் தீயை வைக்க.

"ஃபுஜினோ வாயே தொறக்க மாட்டேங்குறா," என்றார் போனில். "சாப்பிடுன்னா சாப்பிடுறா, படுன்னா படுக்குறா. கண்ணு முன்னாடி ஒரு வாளிய வெச்சா, திட்டவாவது செய்வாளேன்னு."

"இருக்கு," என்றேன். வாய் அப்படிச் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருவதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

ஏலத்தில் எடுத்த ஓனுகி சான் வீட்டுக்கு அன்றைக்கே காரை விரட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார். "நாரை வலையக் கிழிச்சு மொத்தத்தையும் முழுங்கிருச்சு. உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னுதான் சொல்லல."

மிச்சமில்லை என்று நான் சொன்னது பொய்யாக இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். அந்தத் தொட்டியிலிருந்த ஆகாயத்தாமரையை ஏலத்தன்று மூலைப் பானையில் தூக்கிப் போட்டிருந்தேன். அந்த வேரில் முட்டை ஒட்டியிருக்கலாம். ஆனால் மற்ற தொட்டிகளின் செடிகளும் அந்தப் பானையில்தான் கிடந்தன. வடிகட்டியதில் நாலு குஞ்சு அகப்பட்டது, அரிசிமணியை விடச் சற்றுப் பெரிசு. செம்புக் கோடு தெரிய இன்னும் இரண்டு மாதம் ஆகும். அதுவரை அவை எந்த மீனாகவும் இருக்கலாம்.

சனிக்கிழமை, உள்ளதைச் சொல்லிவிடுவது என்று போன் செய்தேன். எடுத்தது ஃபுஜினோ சான்.

"அவரு இல்ல. வாளி வாங்கப் போயிருக்காரு." பூட்டிக் கிடந்த கதவைத் திறந்த மாதிரி குரல் கரகரத்தது. "ஒண்ணு போதும்னு சொல்லித்தான் அனுப்புனேன். பாருங்க, மூணு வாங்கிட்டு வந்து நிப்பாரு. இந்தப் புறாக்கூண்டுல எங்க வைக்கிறது? குடுக்குறவங்களச் சொல்லணும். ஆமா, நீங்க எதுக்குப் போன் பண்ணீங்க?"

என் முன்னால் கண்ணாடிக் கிண்ணத்தில் நாலு குஞ்சுகளும் நீந்திக்கொண்டிருந்தன. நிறமே இல்லை, உள்ளே ஓடுகிற முள்கூடத் தெரிந்தது.