உட்கருவுக்குள் சிக்கிய செய்தி

அண்ணியும் நாத்தனாரும் ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். வீட்டில் ஒற்றுமைக்குக் குறைவில்லை. கூடத்துக்குள் நுழைந்தால் மட்டும் எலியும் பூனையும்தான். மரபணுவின் வாயை அடைக்க ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள்.

மரபணு தன் உத்தரவை ஆர்.என்.ஏ என்ற செய்தியாக அனுப்பும். அண்ணியின் ஆன்டிசென்ஸ் முறையில், கூடத்தில் செய்த ஒற்றை டி.என்.ஏ இழை போய்ச் செய்தியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தைச் செல்லின் நொதி வெட்டிவிடும். நாத்தனாரின் ஆர்.என்.ஏ குறுக்கீட்டில் உள்ளே போவது குட்டி இரட்டை இழை. செல் அதில் ஒன்றை அடையாளமாக வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் செய்திகளைத் தேடித்தேடி வெட்டும்.

முதல் போட்டி பச்சையாக ஒளிரும் செல்களில். நாத்தனார் துளியூண்டு மருந்திலேயே பச்சையை அணைத்துவிட்டாள். அண்ணிக்குப் பல மடங்கு தேவைப்பட்டது.

"என்ன அண்ணி, சத்தத்தையே காணோம்?"

"ரொம்பத்தான் ஆடாதடி. அடுத்தது உங்க அண்ணனோட செல்லு."

அவருக்குத் தசை நோய். கை குலுக்கினால் பிடி சட்டென்று விடாது. அவராகவே தந்த தோல் துணுக்கிலிருந்து வளர்த்த செல்கள் அவை. நோயுள்ள செய்தி உட்கருவைவிட்டு வெளியே வராமல் அங்கேயே சிக்கிக்கொண்டு, சாயமேற்றினால் நுண்ணோக்கியில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். அதே மரபணுவின் நல்ல பிரதி அனுப்பும் செய்தி மட்டும் வெளியே வந்துவிடும்.

இருவரும் மருந்து போட்ட நான்காம் நாள் காலை நாத்தனார் தன் தட்டைப் பார்த்தாள். ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் புள்ளிகள் அப்படியே இருந்தன. மருந்து உள்ளேயே போகவில்லையோ என்று அளந்து பார்த்தவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அண்ணி, என்னோடது பெரும்பாலும் உட்கருவுக்கு வெளியிலதான் வேலை செய்யும். வெளியில வந்த நல்ல செய்தியை எல்லாம் வெட்டித் தள்ளியிருக்கு. திருடனை விட்டுட்டு வீட்டுக்காரரைப் பிடிச்சிருக்கேன்!"

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் தட்டை நாத்தனார் பக்கம் நகர்த்தினாள். "நீயே பாரு. எனக்குப் பயமா இருக்கு."

நாத்தனார் குனிந்தாள். வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள். நூறு செல் எண்ணி முடித்ததும் நிமிர்ந்தாள்.

"பதினொண்ணுலதான் புள்ளி இருக்கு. மத்ததெல்லாம் சுத்தம்! அண்ணி, உங்க இழை உட்கருவுக்குள்ளேயே போய் வெட்டியிருக்கு!"

அண்ணி அவளைத் தள்ளிவிட்டுக் கண்ணை வைத்தாள். பிறகு இருவரும் கையுறையோடு கட்டிக்கொண்டு குதித்த குதியில் அடுத்த அறைக்காரர் ஓடி வந்து, "என்ன, தீயா?" என்றார்.

நாத்தனார்தான் அண்ணனுக்குப் போன் போட்டாள். "நான் தோத்துட்டேண்ணா!"

"அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

அண்ணி போனைப் பிடுங்கினாள். "இதைக் கேளுங்க. இது தட்டுல இருக்கற செல்லு, அவ்வளவுதான். மருந்தாக வருஷக்கணக்காகும். வராமலும் போகலாம். ஆனா அதை வெட்ட முடியும்ங்க. கண்ணால பார்த்துட்டேன்."

"இன்னொரு துணுக்கு வேணுமா?" என்றார் அவர்.

அதற்குள் நாத்தனார் புதுத் தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். "இன்னும் மூணு தடவை இதே முடிவு வரணும் அண்ணி. இந்தத் தடவை உங்க இழையை நான் போடறேன்."