கால்மாட்டுக் கயிறு

அன்று காலை என் பெண்சாதி தைலம்மாள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கட்டில் கயிறு தொங்கிப் போச்சி. படுத்தா பள்ளத்துல கெடக்கற மாதிரி கீது. இழுத்துக் கட்டுங்கன்னா காதுல வுழாதா?" மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கும் நாள். வந்து கட்டுகிறேன் என்றேன். "நீங்க வர்றதுக்குள்ள நான் தரையத் தொட்ருவேன்" என்று சிரித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. பனிக்காலத்தில் நெஞ்சு விசில் அடிக்கும். கல்வராயன் மலையில் எங்கள் ஊரை ஒட்டி, இரண்டு கட்டில் போட்ட சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. நர்சம்மா கண்ணகி அங்கேயே தங்கியிருந்தார். முகத்தில் மூடியை வைத்து மருந்துப் புகை பிடிக்கச் செய்வார். உலையில் போட்ட சாமை வேகும் முன் இவள் திரும்பி வந்து, "அடுப்பு அணைஞ்சி கெடக்குது, இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?" என்று என்னை அதட்டுவாள்.

அந்த வருஷம் அரசு ஒரு புதுத் திட்டத்தை எங்கள் மலையில் சோதித்துப் பார்த்தது. சின்ன ஆஸ்பத்திரிகளை மாலையில் பூட்டிவிடுவது, நர்சுகளைக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, ஜனங்களுக்குக் காப்பீட்டு அட்டை கொடுப்பது. அட்டையில் தைலம்மாளின் போட்டோ நன்றாகத்தான் இருந்தது.

பொழுது சாயும்போது அவளுக்கு இழுப்பு கண்டது. ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. மழையில் மண் சரிந்து ஆம்புலன்ஸ் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. அவளை அந்தக் கட்டிலிலேயே படுக்கவைத்து, மூங்கிலைக் கட்டித் தூக்கினோம். உயிரோடு இருப்பவரை நாங்கள் தலை முன்னால் வைத்துத்தான் தூக்குவோம். கால் முன்னால் போவது பிணம். மலை இறங்கும்போது தலை தாழ்ந்துகொண்டே போனது. திருப்பிப் பிடிக்கலாம் என்றான் அவள் தம்பி ராசு. "வேணாண்டா. என்னப் பொணமாக்காதீங்க" என்று அவளே கையை ஆட்டினாள். ஆம்புலன்ஸ் விளக்கு தெரியும் முன் அவள் நெஞ்சின் விசில் நின்றுவிட்டது.

பிணம் ஏறிய கட்டிலை ஊர் எல்லையில் போட்டுவிடுவது வழக்கம். நான் போடவில்லை. திட்டத்தை மாவட்டம் முழுக்கக் கொண்டுவருவது பற்றிக் கள்ளக்குறிச்சியில் கருத்துக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும், மரவள்ளி லாரியில் அதை ஏற்றினேன். மண்டப வாசலில் போலீஸ்காரர், "இன்னாய்யா, தூங்கறதுக்கு வந்துக்கிறியா?" என்றார். "பேசறதுக்கு வந்துக்கிதுங்க" என்றான் ராசு. கட்டிலை உள்ளே கொண்டுபோய் நடுவில் போட்டோம்.

எலவனாசூர்கோட்டைப் பக்கத்து விவசாயி நாராயணசாமி திட்டத்தை ஆதரித்துப் பேசினார். "அட்டை இல்லைன்னா எனுக்கு நெஞ்சு ஆப்பரேசன் ஏது? இந்நேரம் மாலை போட்டு செவுத்துல தொங்கிக்கினு இருப்பேன்." கூட்டம் சிரித்தது. எங்கள் ஊர் ஜெயம்மாள் எழுந்தாள். "உனுக்கு வாசல்ல காரு நிக்குது, அண்ணே. எங்க வாசல்ல பள்ளந்தான் நிக்குது." அதற்கும் சிரித்தது. நாராயணசாமி பொய் சொல்லவில்லை. அவர் நெஞ்சு துடிப்பதில் எனக்கு வருத்தமும் இல்லை.

என் முறை வந்தபோது நடந்ததைச் சொன்னேன். மேடையிலிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இழுப்பு இருக்கறவங்களப் படுக்க வெச்சதே தப்புங்க. அதுலயும் தலைகீழா எறக்கியிருக்கீங்க. உங்களுக்கு விழிப்புணர்வு வேணும்" என்றார். ராசு தரையைப் பார்த்தான். அவன் தோளில் மூங்கில் அழுத்திய காயம் இன்னும் ஆறியிருக்கவில்லை.

"தப்புதாங்க" என்றேன். "எப்படித் தூக்கறதுன்னு எங்களுக்குத் தெரியல. தூக்காமலே பொழைச்சிக்கினு இருந்தாளே, அந்த ஆஸ்பத்திரிய ஏன் பூட்டினீங்க?"

அவர் மைக்கை அணைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். திரும்பவும் போட்டு, "உங்க கருத்து பதிவாயிடுச்சி. கட்டில வெளிய எடுத்துடுங்க, வழிய மறைக்குது" என்றார்.

"எங்களுக்கும் வழி மறைஞ்சிதாங்க கீது" என்று ஜெயம்மாள் வந்து அதன் மேல் உட்கார்ந்தாள். மலைப் பெண்கள் இன்னும் சிலர் உட்கார்ந்தார்கள். போலீஸ்காரர் வந்தார், நின்றார், போனார். கடைசியில் நாராயணசாமி வந்து கட்டிலின் மரச்சட்டத்தைத் தொட்டுப் பார்த்து, "இதுலயா?" என்று மட்டும் கேட்டார். கூட்டம் முடியும்வரை கட்டில் நடுவிலேயே கிடந்தது.

முடிவை இன்னும் அறிவிக்கவில்லை. ஆஸ்பத்திரி மாலையில் பூட்டிக்கொள்கிறது. அடுத்த கூட்டம் என்றால் கட்டிலை மறுபடி இறக்குவோம் என்று லாரிக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஊர்ப் பெரியவர் செல்லமுத்து ஒருநாள் வாசலிலேயே நின்று, "சாவுக் கட்டில வூட்டுக்குள்ள போட்டுக்கிறியேப்பா" என்றார்.

"ஏறும்போது அவ உசுரோட இருந்தா மாமா" என்றேன்.

அதில்தான் படுக்கிறேன். கால்மாட்டுக் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.