மூன்றாம் தொகுதி டிக்கியில் இருக்கிறது

புதிய கார் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியும் அதை ஓட்டும் பேறு அவளுக்கு வாய்க்கவில்லை. ஓட்டுநர் உரிமம் இருந்தது. பழைய காரை ஓட்டிய அனுபவமும் இருந்தது. இல்லாதது கணவரின் சம்மதம் ஒன்றுதான். அந்தச் சம்மதமோ ஒரு புத்தகத்துக்குள் அகப்பட்டுக் கிடந்தது.

கணவர் வாகனக் காப்பீட்டு நிறுவனத்தில் இழப்பீட்டு ஆய்வாளர். நசுங்கியவை, நனைந்தவை, கருகியவை எனப் பலவகைக் கார்களை நாள்தோறும் சுற்றி வந்து பார்த்து, 'உரிமையாளர் கையேட்டின்படி நடந்துகொள்ளவில்லை' என்ற ஒற்றை வரியால் பலருடைய நம்பிக்கையைப் பணிவன்புடன் முடித்து வைப்பவர். அந்த வரி தம் வீட்டு வாசற்படி ஏறிவிடக் கூடாதே என்பது அவருடைய கவலை. ஆகவே கையேட்டை முழுமையாகப் படிக்காத எவரும் ஸ்டியரிங்கைத் தொடலாகாது என்று சட்டம் போட்டிருந்தார். சட்டம் போட்டவர் என்ற சலுகையில், முதல் தொகுதியை மட்டும் முடித்துவிட்டுத் தாம் அலுவலகம் வரை ஓட்டிக்கொண்டார்.

தொகுதி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. காரை ஒப்படைத்த அன்று ஷோரூம் பெண் அவர்களிடம் கொடுத்தது புத்தகமல்ல. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள் அச்சிட்ட ஒரு சிறிய அட்டை.

"எல்லாமே ஸ்கிரீன்ல இருக்கு சார். இந்த அட்டைய ஸ்கேன் பண்ணா போன்லயும் படிக்கலாம்."

"சரிம்மா. புத்தகம் எங்க?"

"மரத்த வெட்ட வேணாம்னு புத்தகம் போடுறத நிறுத்திட்டாங்க சார்."

"மரம் நான் நட்டுத் தரேன். நீங்க புத்தகத்தக் குடுங்க."

அந்தப் பெண் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அன்று மாலையே நகலகத்துக்குப் போய்க் கையேடு முழுவதையும் அச்செடுத்து, கம்பி வளையம் கோத்து, தலையணை கனத்தில் மூன்று தொகுதிகளாக்கிக் கொண்டு வந்தார். திரையில் படிப்பதற்கென்றே ஆக்கப்பட்டதால் அதில் பக்க எண்ணும் இல்லை, பொருளடக்கமும் இல்லை. அவர் மனம் தளரவில்லை. முதல் தொகுதியை முடித்ததும் மனைவியிடம் தருவதாக வாக்களித்தார். முடித்த பிறகு, அடிக்கோடு போடுவதற்காக மறுபடியும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

அவள் இயன்முறை மருத்துவர். வீடு வீடாகச் சென்று நோயாளிகளுக்குப் பயிற்சி அளிக்கும் பணி அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை சொந்த வாகனத்தில் வந்து நிற்க வேண்டும்; இயலாவிட்டால் அந்த இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும் என்று மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். இன்று ஞாயிறு. கணவர் இரண்டாம் தொகுதியின் நடுவில், இருக்கைகளைச் சூடாக்கும் முறையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நாளைக்கு நான் போகணும்."

"போகலாம். நானே கொண்டுபோய் விடறேன்."

"ஒவ்வொரு வீட்டுக்குமா? அப்புறம் உங்க ஆபீசுக்கு யாரு போவா?"

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

அவளுடைய தம்பி அப்போது வந்திருந்தான். மென்பொருள் வேலையில் இருப்பவன். காகிதத்தைக் கண்டால் கை துடைக்க மட்டும் எடுப்பவன். அத்தானுக்கு 'நிபந்தனை' என்று பெயர் வைத்தவனும் அவனே. காரின் மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்து, "கழுவிட்டாவது வரலாம் வாங்க" என்று இருவரையும் கிளப்பினான். தானியங்கிக் கார் கழுவுமிடத்தின் வாசலில் அவன்தான் பேச்சை எடுத்தான்.

"அத்தான், உள்ள கன்வேயர்தான் காரை இழுத்துட்டுப் போகும். யாரும் ஓட்டப் போறதில்ல. அந்தக் கொஞ்ச நேரமாவது அக்கா அந்த சீட்ல உக்காரட்டுமே."

ஆய்வாளர் சட்டத்தை மனத்துக்குள் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். ஓட்டாமல் உட்காருவதற்குத் தடை இல்லை என்று தெரிந்தது. இடம் மாறி உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு தொகுதிகள் அவர் மடியில் ஏறின. மூன்றாவது டிக்கியில் இருந்தது.

தலைவாசலில் நின்ற ஊழியர் சைகை காட்ட, அவள் கியரை நியூட்ரலில் போட்டாள். கார் தானாக நகர்ந்தது. நுரை கண்ணாடியை மூடியது. நீலமும் சிவப்புமான பிரஷ்கள் இருபுறமும் சுழன்று வந்து காரை அணைத்துக்கொண்டன.

"என்ஜின் ஓடலாமா, நிறுத்தணுமா?" என்றார் கணவர் திடீரென்று.

"அவரு ஒண்ணும் சொல்லலியே."

"கையேடு என்ன சொல்லுதுன்னு பாக்கணும்ல?"

"ஸ்கிரீன்ல தட்டுங்க அத்தான். நொடியில சொல்லிடும்" என்று பின்னிருக்கையிலிருந்து குரல் வந்தது.

அவர் தட்டினார். 'பாதுகாப்புக் கருதி, வாகனம் நகரும்போது கையேட்டைத் திறக்க இயலாது' என்று திரை மரியாதையாக மறுத்தது.

"நாம எங்கடா நகர்றோம்? கன்வேயர்தான நம்மள நகத்துது!"

"அது காருக்குத் தெரியுமா அத்தான்? இருங்க, போன்ல பாக்கறேன்." அவன் போனைத் தட்டினான். "சேஸிஸ் நம்பர் கேக்குது."

"எங்க இருக்கும் அது?"

"முன் கண்ணாடிக்குக் கீழ. வெளியிலேர்ந்துதான் படிக்கணும்." நுரை வழிந்துகொண்டிருந்த கண்ணாடியை மூவரும் பார்த்தார்கள்.

ஆய்வாளர் வெற்றிப் புன்னகையோடு முதல் தொகுதியைத் திறந்தார். தாமே சிவப்பு மையால் அடிக்கோடிட்ட வரி அங்கே இருந்தது. "இதோ. 'வாகனத்தை ஓட்டாத நேரங்களில் என்ஜினை அணைத்து வைக்கவும்.' நீ இப்ப ஓட்டறியா?"

"இல்ல."

"அப்ப அணை."

அவள் பொத்தானை அழுத்தினாள். கார் தன்னை யாரோ நிறுத்திவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டு தானாகவே பார்க்கிங் நிலைக்குப் போய்ச் சக்கரங்களைப் பூட்டியது. ஒரு குலுக்கல். கன்வேயர் முனகி நின்றது. எங்கோ மணி அலறியது. தலைக்கு மேல் சிவப்பு விளக்கு சுழன்றது. பிரஷ் மட்டும் நிற்காமல், அவள் பக்கத்துக் கண்ணாடியில் ஒரே இடத்தைத் தேய்த்துத் தள்ளியது. பின்னால் வரிசையில் நின்ற வேன்காரர் ஹாரனை அழுத்தினார், விடவே இல்லை.

"மூணாவது தொகுதிலதான் இருக்கும். மாப்ளே, எடு!"

"கதவத் திறந்தா நான் குளிச்சிடுவேன் அத்தான்."

"சீட்டச் சாச்சு எடு!"

தம்பி இருக்கை முதுகைச் சாய்த்து, டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து, மூன்றாம் தொகுதியைப் பிரசவித்துக் கொடுத்தான். கணவர் பரபரவென்று புரட்டினார். பக்க எண் இல்லாத புத்தகம் அவரை டயரிலிருந்து ஏசிக்கும், ஏசியிலிருந்து குழந்தை இருக்கைக்கும் அலைக்கழித்தது. கடைசியில் 'தானியங்கி முறையில் கழுவுதல்' என்ற தலைப்பு அகப்பட்டது. அதன் கீழே ஒரே ஒரு வரி: 'விவரங்களுக்கு இங்கே தொடவும்.'

அவர் தொட்டார். ஒருமுறைக்கு இருமுறை தொட்டார்.

"இன்னும் கொஞ்சம் அழுத்திப் பாருங்க அத்தான்" என்று தம்பி சொன்னபோது அவன் குரல் சிரிப்பில் உடைந்தது.

"வாய மூடு. உன் போன் என்ன கிழிச்சுது?"

அவள் இவர்கள் இருவரையும் பார்க்கவில்லை. பிரஷ்கள் ஓய்ந்து விலகிவிட்டிருந்தன. தண்ணீர் வழியும் கண்ணாடிக்கு அப்பால், வெளிவாசலுக்கு ஓடி வந்த ஊழியர் இரு கைகளாலும் காற்றை வாரி வாரித் தன்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். வா, வா என்பதற்கு எந்தக் கையேடும் தேவைப்படவில்லை.

"என்னங்க, அவரு ஓட்டிட்டு வரச் சொல்றாரு. போகவா?"

"பொறு, படிச்சிட்டுச் சொல்றேன்."

மணி அலறியது. வேன்காரர் ஹாரனில் புதிய ராகம் ஒன்றைத் தொடங்கினார். நாளைக் காலை தனக்குப் பதிலாக வேறொருத்தி அந்த வீடுகளின் கதவைத் தட்டுவது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிரேக்கை மிதித்தாள். பொத்தானை அழுத்தினாள். கியரை மாற்றினாள். கார் வெயிலுக்குள் மெல்ல இறங்கியது.

வெளியே நிற்க இடமில்லை. வேன் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஊழியர் போங்க போங்க என்று விரட்ட, அவள் நேரே சாலையில் கலந்தாள். அது ஒருவழிச் சாலை. ஓரமெல்லாம் நிறுத்தத் தடைப் பலகைகள். கணவர் வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார், மறுபடி மூடினார்.

"ஏன் அத்தான், மீன் மாதிரி பண்றீங்க?"

அவர் மிகத் தாழ்ந்த குரலில், காரின் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "வண்டி ஓடும்போது ஓட்டறவங்க கவனத்தக் கலைக்கக் கூடாதாம். போட்டிருக்கான்."

வீடு வரை அவருடைய வலது கால், தம் பக்கம் இல்லாத பிரேக்கை அவ்வப்போது மிதித்தது. அவள் குறுக்குத் தெருவில் வேகம் குறைத்தாள். ஒரு சைக்கிள்காரருக்கு வழி விட்டாள். வாசலில் மதிலை உரசாமல் நிறுத்தினாள். அவர் மூன்று தொகுதிகளையும் கட்டிக்கொண்டு இறங்கி, பழக்கதோஷத்தால் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். முன்பாதி பளபளத்தது, பின்பாதியில் நுரை காய்ந்திருந்தது. கீறல் ஒன்றுமில்லை. ஏமாற்றமா நிம்மதியா என்று சொல்ல முடியாத முகத்தோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தார்.

கார் கீச்கீச்சென்று கத்தியது. அவர் திரும்பி ஓடி வந்து, வாசலிலேயே இரண்டாம் தொகுதியைத் திறந்தார். அவள் ஜன்னல் வழியே கையை நீட்டினாள்.

"தேடாதீங்க. சாவி உங்க சட்டைப் பையில இருக்கு. அது தூரம் போகுதேன்னு கத்துது. குடுங்க. தம்பி, நீயும் எறங்கு."

"நான் என்னக்கா பண்ணேன்?"

"நாளைக்குப் போற வீட்டுக்கு வழி பாத்துட்டு வரேன். தனியா."

கணவர் அவள் கையைப் பார்த்தார். நெஞ்சோடு அணைத்திருந்த மூன்று தொகுதிகளையும் பார்த்தார். சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கத்தல் நின்றது. கார் நகர்ந்தது.

"அத்தான், அக்கா இண்டிகேட்டர் போட்டுட்டுத்தான் திரும்பினா."

"பாத்தேன். அந்த சைக்கிளுக்கு வழி விட்டதையும் பாத்தேன்."

"ஆனா பாதிக் கார் நுரையோட போகுதே!"

"நாளைக்கும் அப்படியே போகட்டும்" என்றார் ஆய்வாளர், படியில் உட்கார்ந்து மூன்றாம் தொகுதியைப் பிரித்தவாறு. "இத முடிக்காம இனிமே யாரும் கழுவக் கூடாது."