தொட்டியில் சிரிக்கும் முகம்

செத்து எட்டு நாளாகியும் அண்ணன் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் சிரித்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரப் பண்ணைக்காரனிடம் கூலிக்குப் பதில் மாவுக்கும் புகையிலைக்கும் மாடு ஓட்டிய எங்கள் பழங்குடி ஆட்கள், சேணத்தைத் தோளில் போட்டு வெளியேறி, சொந்த நிலத்தைத் திரும்ப வாங்கிய கதையை அந்த இரும்புத் தொட்டியைச் சுற்றி வரைந்திருந்தார்கள். முன்னால் நடப்பவர் அண்ணன். முகம் மட்டுமே ஓர் ஆள் உயரம்.

செத்தவர் பெயரை நாங்கள் சொல்வதில்லை. படத்தையும் துக்கம் முடியும்வரை மூடிவிடுவோம். தார்ப்பாய் கட்டினோம், காற்று கிழித்துக்கொண்டு போனது.

தொட்டிக்கு நேரெதிரே ஆஸ்பத்திரி. மாவிஸ் அண்ணிக்கு ரத்தம் சுத்தம்செய்யும் இயந்திரம் அங்கேதான். அந்த முகத்தைத் தாண்டிப் போக வேண்டுமே என்று இரண்டு முறை போகவில்லை. கால் வீங்கி மூச்சு இழுத்தது.

"இன்னைக்கும் வரலைன்னா அப்புறம் வரவே வேண்டியதில்லை" என்றாள் நர்ஸ்.

"போர்வையால மூடிக் கூட்டிட்டுப் போறேன், அண்ணி."

"நான் பார்க்க மாட்டேன். அவரு என்னைப் பார்ப்பாரே, எர்ரோல்."

முகத்தை மறைக்கப் பெயின்ட்டும் ஏணியும் வேண்டும்; அவை இருந்த கொட்டகைச் சாவி ஊர் அலுவலக மேலாளர் ட்ரெவரிடம்.

"வெள்ளிக்கிழமை அமைச்சர் இந்த ஓவியத்தைத் திறந்துவைக்க வர்றார். அதுவரை பொறுங்கப்பா. உங்க போராட்டத்துக்குத்தானே வரைஞ்சது?"

"அண்ணி செத்தா அவங்களையும் பக்கத்துல வரைவீங்களா?"

அவர் தலைகுனிந்தார். சாவியை மட்டும் எடுக்கவில்லை.

ஆற்றுப் படுகையில் களிமண் தோண்டி, பங்காளி ஹெக்டரின் லாரியைத் தொட்டியோடு ஒட்டி நிறுத்தி, அதன் கூரைமேல் ஏறினேன். கண்ணை மூடிக்கொண்டே அப்பினேன். ஹெக்டர் விரலிடுக்கில் பார்த்தான்.

"ஓவியரே, மூக்கு விட்டுப்போச்சு."

"வாயை மூடிட்டு மண்ணைக் குடுடா."

வெயிலில் சுட்ட இரும்பு மண்ணைக் காயவைத்துக்கொண்டே வந்தது. ஒரு கன்னம் அப்புவதற்குள் மறு கன்னம் வெடித்தது. ஒருவழியாக மூடியதும் ஹெக்டர் குரல் கொடுத்தான். நர்ஸ் அண்ணியைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்தாள்.

அவர்கள் ஆஸ்பத்திரி வாசலை நெருங்கும்போது படத்தின் இடது கண்ணிலிருந்து ஒரு பாளம் விழுந்தது. இரண்டு உள்ளங்கையையும் அங்கே பதித்து அழுத்தினேன். தோல் பொசுங்கியது.

"எர்ரோல், மூடியிருக்கா?" போர்வைக்குள்ளிருந்து அண்ணி.

"மூடியிருக்கு அண்ணி. போங்க."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அண்ணி படுக்கிற கட்டில் தொட்டியைப் பார்த்த ஜன்னலோரம். இயந்திரம் சாயந்திரம் வரை ஓடும்.

"ஹெக்டர், மண்ணுடா!"

அவன் காலி வாளியோடு ஆற்றுக்கு ஓடினான். என் கைக்குப் பக்கத்தில் வலது கண்ணும் வெடிக்கத் தொடங்கியது.