குழாயில் ஏறிய காற்று

சூரியகாந்தித் தோட்டத்துக்குப் பாதி தூரம்கூட வரவில்லை, கார் இரண்டு தடவை இருமியது. பிறகு பேச்சுமூச்சில்லாமல் ஓடி, தானாகவே வேகம் குறைந்தது. தேனீக்காரன் அதை மெல்லச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினான். முள் இன்னும் கால் டேங்க் டீசல் இருப்பதாகத்தான் காட்டிக்கொண்டிருந்தது. போன வாரமும் முள் அதே இடத்தில்தான் நின்றது என்பது அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது.

"என்ன தம்பி, வந்துட்டமா?" என்று பக்கத்து சீட்டில் கண்விழித்தாள் அண்ணி.

"இல்ல அண்ணி. டீசல் தீர்ந்துபோச்சு."

அவள் ராத்திரி டியூட்டி முடிந்து, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் அப்படியே காரில் ஏறியிருந்தாள். அண்ணன் கையில் மாவுக்கட்டு. தேனீப் பெட்டியை இறக்க இரண்டு ஆள் வேண்டும். "நான் வரேன், வழியில தூங்கிக்கிறேன்" என்று சொன்னவள், சொன்னபடியே தூங்கியும் போயிருந்தாள்.

பழைய டீசல் கார் அது. பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளை அடுக்கியிருந்தான். பெட்டி வாசலுக்கெல்லாம் கம்பி வலை அடித்து அடைத்தாயிற்று. கார் ஓடும்வரை காற்று வரும், தேனீக்கள் அடங்கிக் கிடக்கும். நின்றால் உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் மெழுகு அடை இளகும், அடை சரிந்தால் கூட்டமே அதனடியில் நசுங்கிப் போகும். கிழக்கே வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. பின்னாலிருந்து வந்த ரீங்காரமும் ஒரு படி ஏறியது போல அவனுக்குத் தோன்றியது.

மெக்கானிக்கைக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டான்.

"அவரு எந்திரிக்கும்போது எந்திரிக்கட்டும்" என்றாள் அண்ணி. "வர்ற வழியில பங்க் பார்த்தமே. நீ போயி டீசல் வாங்கிட்டு வா. இதுங்களுக்கு நான் என்ன பண்ணணும், அத மட்டும் சொல்லு."

"பின்கதவத் திறந்து வச்சு, வலை மேல தண்ணி தெளிக்கணும். வெயில் படாம எதையாவது போட்டு மூடணும். கொட்டிரும் அண்ணி, பார்த்து."

"நான் போடாத ஊசியா? போ, போ."

எதிரே வந்த பால் வண்டி அவனை ஏற்றிக்கொண்டது. பங்கில் கேனை நிரப்பி, வேறொரு வண்டியைக் கெஞ்சிக் கூத்தாடித் தொற்றிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், காரின் பின்பக்கம் அடையாளமே தெரியவில்லை. திறந்த கதவுக்கு மேலே அவனுடைய தார்ப்பாய், அதற்குக் கீழே ஈரச் சாக்குகள். குடிக்க வைத்திருந்த தண்ணீர் தீர்ந்து, பக்கத்து வாய்க்காலில் இருந்து அவளே மொண்டு வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு. ரீங்காரம் குறைந்திருந்தது. அண்ணியின் இடது புருவத்துக்கு மேலே மட்டும் ஒரு பெரிய வீக்கம்.

"கொட்டிருச்சா?"

"ஒண்ணே ஒண்ணு. கொடுக்கையும் எடுத்துட்டேன். நீ டீசல ஊத்து."

ஊற்றினான். சாவியைத் திருகினான். கார் 'கிர்ர் கிர்ர்' என்று அலறியதே தவிர, உயிர் வரவில்லை. மறுபடியும் திருகினான். இன்னும் கொஞ்சம் நேரம் பிடித்துப் பார்த்தான். சத்தம் இளைக்கத் தொடங்கியது.

"நிறுத்து" என்றாள் அண்ணி. அதட்டவில்லை, ஆனால் அவன் கை தானாகச் சாவியை விட்டுவிட்டது. "வராதுன்னு அது சொல்லுது, நீ கேக்கவே மாட்டேங்குற. பேட்டரியும் போச்சுன்னா அப்புறம் என்ன பண்ணுவ?"

"டீசல்தான் ஊத்தியாச்சே அண்ணி! இன்னும் என்னதான் வேணுமாம் இதுக்கு?"

"டேங்குல ஊத்தின. இஞ்சினுக்குப் போச்சா?"

அவன் விழித்தான். இதை அவன் யோசிக்கவே இல்லை.

"டிரிப் பாட்டில் காலியாகி குழாயும் காலியாயிருச்சுன்னு வை" என்றாள் அவள், பானட்டைத் திறக்கச் சொல்லிக் கை காட்டியபடி. "புது பாட்டில மாட்டினா மட்டும் மருந்து போயிருமா? நடுவுல காத்து நிக்கும். அத வெளிய விட்டாத்தான் போகும். இதுக்கும் குழாய்தானே? அந்தக் குழாய் எப்படி வருதுன்னு காட்டு."

இருவரும் குனிந்து பார்த்தார்கள். டேங்கிலிருந்து அடிப்பக்கமாக வந்த குழாய் இஞ்சினுக்குப் பக்கத்தில் உருண்டையான ஒரு பில்டருக்குள் நுழைந்தது. அதன் தலையில் ஒரு கறுப்பு ரப்பர் பொத்தான்.

"இது என்ன?"

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. "பில்டர் மாத்தினா மெக்கானிக் இதத்தான் அமுக்கிக்கிட்டே இருப்பாரு! பக்கத்துல இருக்கிற ஸ்க்ரூவ லேசா தளர்த்திட்டு."

"அப்புறம் என்ன, தளர்த்து."

பெட்டி மூடியை நெம்புவதற்கு அவன் வைத்திருந்த தட்டைக் கம்பிதான் கையில் கிடைத்த ஆயுதம். அதன் முனையால் ஸ்க்ரூவைத் தளர்த்தினான். அண்ணி பொத்தானை அமுக்கினாள். முதலில் புஸ் என்ற காற்று. பிறகு நுரை. அமுக்க அமுக்க நுரை குறைந்து, குமிழி குறைந்து, கடைசியில் டீசல் சுத்தமாக வழிந்தது.

"மூடு. இப்ப சாவியத் திருகு. கொஞ்சமா."

கார் உறுமிக்கொண்டு உயிர் பெற்றது. அவன் சந்தோஷத்தில் ஸ்டியரிங்கைத் தட்டினான். தட்டி முடிப்பதற்குள் அது திக்கித் திணறி மறுபடியும் நின்றுவிட்டது.

அவனுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. பின்னால் ரீங்காரம் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. இறங்கிப் போய்ச் சாக்குகளில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்தான். அண்ணி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு கண் பாதி மூடியிருந்தது. மறு கண்ணால் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டில் நடுராத்திரியில் ஒரு நோயாளியின் பக்கத்தில் இவள் இப்படித்தான் நிற்பாள் போலிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. பதற்றம் இல்லை, அலுப்பும் இல்லை. இன்னும் பார்க்காதது எது என்ற ஒரே கேள்விதான் அந்த முகத்தில் இருந்தது.

"ஒரு தடவ ஓடுச்சுல்ல. அப்ப நாம பண்ணது சரி" என்றாள். "திரும்பக் காத்து எங்கிருந்தோ வருது. விரல வச்சுப் பாரு தம்பி, எங்கயாச்சும் ஈரமா இருக்கான்னு."

அவன் குழாய் நெடுகத் தடவினான். பில்டருக்குள் நுழையும் இடத்தில் விரல் நனைந்தது. குழாயைப் பிடித்திருந்த கவ்வி லொட லொடவென்று ஆடியது.

"இங்கதான் அண்ணி!"

அதே தட்டைக் கம்பியால் கவ்வியைப் பலம் கொண்ட மட்டும் முறுக்கினான். மறுபடியும் ஸ்க்ரூ, மறுபடியும் பொத்தான், மறுபடியும் நுரை. இந்தத் தடவை பொத்தான் கல்லைப் போல இறுகி, அமுக்க முடியாமல் நின்றது; குழாயில் இனிக் காற்று இல்லை. ஆனால் சாவியைத் திருகினால் 'டிக்' என்ற சத்தம்தான் வந்தது. பேட்டரி கைவிரித்துவிட்டது.

"எனக்குத் தெரியும், என்னத் திட்டாதீங்க" என்றான்.

"திட்டுறதுக்கு இப்ப நேரமில்ல. முன்னாடி இறக்கம்தானே? நீ தள்ளு, நான் ஸ்டியரிங்ல உக்காருறேன்."

பின்கதவைச் சாத்தி, தோளைக் கொடுத்துத் தள்ளினான். இத்தனை பெட்டிகளின் கனமும் அவன் முதுகெலும்பில் இறங்கியது. சக்கரம் ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பிறகு இறக்கம் காரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அண்ணி இரண்டாவது கியரில் கிளட்சை விட்டாள். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, கரும்புகையைக் கக்கிக்கொண்டு பாய்ந்தது.

நிற்காமல் போயே போய்விட்டது.

"அண்ணீ!" என்று அவன் பின்னாலேயே ஓடினான்.

"நிறுத்தினா நின்னுடும்! ஓடி வந்து ஏறு!" என்று ஜன்னல் வழியே குரல் வந்தது. வளைவில் அவள் வேகத்தைக் குறைத்ததும் கதவைப் பிடித்துத் தொங்கி ஏறி விழுந்தான். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணிக்குச் சிரிக்கச் சிரிக்க வீக்கம் வலித்தது. "அய்யோ, சிரிக்க வைக்காத" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

தோட்டத்தில் பெட்டிகளை இறக்கி, வலைகளை எடுத்தார்கள். தேனீக்கள் முதலில் தயங்கி, பிறகு கொத்துக் கொத்தாக வெளியே வந்து, பெட்டிக்கு முன்னால் வட்டமடித்து இடத்தைப் பார்த்துவைத்துக்கொண்டு மஞ்சள் பூக்களுக்குள் மறைந்தன. அடியில், இஞ்சின் சூட்டுப் பக்கமாக இருந்த ஒரு பெட்டியிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. மூடியைத் திறந்தான். அடை சரிந்து கிடந்தது.

அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி இங்க எட்டலயோ?"

"இது அடியில மாட்டிக்கிச்சு அண்ணி. உங்களால ஒண்ணும் பண்ணிருக்க முடியாது. நீங்க இல்லன்னா எல்லாமே போயிருக்கும்."

அவள் தலையாட்டினாள். சமாதானம் ஆனது போலத் தெரியவில்லை. சரிந்த அடையை வெளியே எடுக்க அவனுக்குக் கைகொடுத்தாள். பிறகு தோட்டக்காரர் போட்டுக் கொடுத்த கட்டிலில் படுத்து, ஈரத்துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் போன் பண்ணினான். "ஏண்டா இவ்வளவு நேரம்? கார் மக்கர் பண்ணுச்சா?"

தேனீக்காரன் ஆரம்பத்திலிருந்து சொன்னான். டிரிப் பாட்டிலைச் சொன்னான், கவ்வியைச் சொன்னான், இறக்கத்தில் தன்னை விட்டுவிட்டுக் கார் போனதையும் சொன்னான். கடைசியில், "நீ கொடுத்து வச்சவன் அண்ணே" என்றான்.

"அத அவர்கிட்ட தினமும் போன் பண்ணிச் சொல்லு" என்றாள் அண்ணி, கண்ணைத் திறக்காமலே.